அடுப்புக்கு முந்தைய மனிதர்

சாப்பிட்டவங்க அப்படியே உட்காருங்க. சாப்பிடாதவங்க போய் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வாங்க, கண்ணுங்களா. இது வெறும் வயிற்றோடு கேட்கிற கதை இல்லை.

செஞ்சி பஜாரில் துரைக்கண்ணு என்று ஒருவர் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, அனந்தபுரம் வரைக்கும் அவர் அண்டா ஏறாத அடுப்பு கிடையாது. அண்டா போகிற இடத்துக்கெல்லாம் அவரும் போவார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. பார்த்ததும் "வாண்ணே, இலைல உக்காரு" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "வயிறு சரியில்லப்பா" என்பார். இரண்டு வாழைப்பழம் தின்பார். கையோடு கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடிப்பார். கிளம்பிவிடுவார்.

அந்த வயிற்றுக்கு ஒரு கேடும் கிடையாது. கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொண்டு மூன்றாம் முறைக்குக் கிண்ணத்தை வழிக்கிற வயிறு அது.

சங்கதி வேறே. அவர் பாத்திரம் போகிற விசேஷத்தில் பாதிக்கு மேல் சமையல் மீனம்பாள் குழு. காலனியில் பிறந்த அம்மா. பத்தாவது படித்துவிட்டுத் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமையலில் இறங்கினார். இன்றைக்குச் சாம்பார் என்றால் இந்தப் பக்கத்தில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். 'துரைக்கண்ணு பாத்திரம், மீனம்பாள் சமையல்' என்று சேர்த்தே ஆர்டர் வரும். மீனம்பாள் அவரை அண்ணே என்பார், அவரும் மீனா என்பார். மீனம்பாள் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் வாடகை வாங்காமல் விட்டவர் துரைக்கண்ணு. மீனம்பாள் வீட்டுக்குப் போனால் நாற்காலி போடுவார்கள், உட்காருவார். உடனே கடைக்கு ஆள் ஓடி, மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்று வரும். அதைக் குடித்துவிட்டு வருவார். ஏன் வீட்டுத் தண்ணீர் தரவில்லை என்று அவர் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று மீனம்பாளும் கேட்டதில்லை. ஊர்த் தெருக்காரர் காலனிக் கையால் சாப்பிடமாட்டார் என்கிற ஒரு விஷயத்தை வாழைப்பழத்தோலும் கலர் மூடியும் போட்டு வருஷக்கணக்காக மூடி வைத்திருந்தார்கள். அது இரண்டு பேருக்குமே சௌகரியம் என்று துரைக்கண்ணு நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் செஞ்சிக்கு மனிதகுலம் வந்து இறங்கியது.

'அகில இந்திய மானிடச் சமையல் பரிணாம உயராய்வு நடுவம்' என்று பெயர். பேனரில் ஒரு வரியில் அடங்காமல் மடங்கி வந்தது. சமைத்ததால்தான் குரங்கு மனிதன் ஆனது என்பதை மூன்று நாள் கூடிப் பேசி முடிவு செய்யப் போகிறார்கள். முடிவு முன்னாலேயே அச்சாகி, அட்டைப்பெட்டியில் கட்டிக் கிடந்தது. செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையடிவாரத்தில் நடத்தவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கோட்டைக்குள் தீ மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால், திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பாத்திரம் துரைக்கண்ணு. சமையல் மீனம்பாள்.

தொடக்க விழாவில் குத்துவிளக்கு கிடையாது. கற்கால முறைப்படி, இரண்டு கல்லை உரசிச் சிறப்பு விருந்தினர் அடுப்பைப் பற்றவைப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம்? சிறப்பு விருந்தினர் உரசினார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு உரசினார். கடிகாரத்தையும் கழற்றி வைத்தார். கடைசியில் துரைக்கண்ணுவின் லோடு ஆட்டோ ஓட்டுகிற பாவாடை என்கிற பையன், அடுப்புக்குப் பின்னால் குனிந்து கேஸ் லைட்டரை 'டிக்' என்று அழுத்தினான். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நடுவத்தின் இயக்குநர் முனைவர் எழிலரசன் மைக்கைப் பிடித்தார்.

"அவையோரே! குரங்கு நாள் முழுவதும் மெல்லுகிறது. பச்சையாக மெல்லுகிறது. பாவம், அதற்குச் சிந்திக்க ஏது நேரம்? மனிதன் சமைத்தான். உணவு குழைந்தது. தாடை சிறுத்தது, குடல் சிறுத்தது, மிச்சப்பட்ட சக்தி மூளைக்குப் போனது. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. ஒருவர் சமைத்ததை இன்னொருவர் நம்பி வாயில் வைத்தார். அந்த முதல் கவளம்தான் மனிதம்! ஓர் அடுப்பைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்தவனே மனிதன்!" தண்ணீர் குடித்துவிட்டு ஒரு சீட்டைப் பார்த்தார். "மதிய உணவு பற்றி ஓர் அறிவிப்பு. சிவப்பு அட்டை அணிந்தோருக்கு மாடியில். நீல அட்டைக்குக் கீழ்க்கூடம். அட்டை இல்லாதோர் பின்பக்கம். தயவுசெய்து கலந்து உட்காரவேண்டாம்."

சிவப்பு அட்டைக்கான சாப்பாடு திண்டிவனத்து ஓட்டலிலிருந்து வேனில் வந்தது. கேட்டதற்கு, "சுகாதாரம்" என்றார்கள்.

மதியம் துரைக்கண்ணு சமையல் கொட்டகையில் நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நடுவத்தின் ஒருங்கிணைப்பாளர் கலைமதி மூச்சு வாங்க ஓடிவந்தாள். சின்னப் பெண், கழுத்தில் அட்டை, கையில் இஞ்ச் டேப். அவள் கஷ்டம் அவளுக்கு. சமைத்ததே சாப்பிடாத மனிதர் ஒருவரைக் காட்சிக்கு வைப்பதாக விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வரவேண்டிய இயற்கை வைத்தியர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்.

"ஐயா, நீங்க பச்சையாதான் சாப்பிடுவீங்களாமே?"

"யாரும்மா சொன்னது?"

பாவாடை பல்லைக் காட்டினான். "நான் இன்னா மொதலாளி தப்பா சொல்லிட்டேன்? எந்த விசேஷத்துலயாச்சும் நீங்க சோறு துன்னு நான் பாத்திருக்கேனா? பழந்தான?"

"டேய், வீட்ல நான்..."

"வீட்ல சாப்பிடுவீங்களா?" கலைமதியின் முகம் வாடிவிட்டது. "அப்போ இங்க மட்டும் ஏன் சாப்பிடல? சாம்பார் அவ்ளோ வாசமா இருக்குதே."

மீனம்பாள் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணனுக்கு வயிறு சரியில்லம்மா."

"எத்தனை நாளா?"

"எப்பவுமே."

கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. குழுப் பெண்கள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். கலைமதிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. துரைக்கண்ணு கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதா? மீனம்பாளை வைத்துக்கொண்டா?

"நான் சமைச்சது எதையும் தொடறதில்லம்மா," என்றார். "எங்கயும். வீட்லயும் சேத்துதான்."

பாருங்க கண்ணுங்களா, ஒரு மனுஷருக்குத் தன்னைக் குரங்கு என்று ஒத்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பேனர் வந்துவிட்டது. 'அடுப்புக்கு முந்தைய மனிதர்'. மாப்பிள்ளை அறையில் வைக்கோல் பரப்பி, அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். அவர் காலத்தில் மின்சாரம் இல்லை என்று ஃபேனை நிறுத்தினார்கள். சட்டையும் இல்லை என்று கழற்றினார்கள். வேட்டியைப் பற்றி ஒரு குழு கூடி நெடுநேரம் பேசி, பண்பாடு கருதி இருக்கலாம் என்று முடிவு செய்தது. முன்னால் பச்சைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பச்சைக் கத்திரிக்காய், ஊறவைத்த கேழ்வரகு. கலைமதி டேப் வைத்துத் தாடையை அளந்தாள்.

"சார், தாடை சின்னதா இருக்குது. நம்ம மாதிரியேதான் இருக்குது."

"அது பரவாயில்லை," என்றார் எழிலரசன். "அட்டவணையில் பெரிதாக்கிக்கொள்ளலாம்."

ஆராய்ச்சியாளர்கள் வரிசையில் வந்து கேள்வி கேட்டார்கள். தாடி வைத்த ஒருவர், "தீயைக் கண்டால் பயப்படுவீர்களா?" என்று கேட்டார்.

"யோவ், நான் கேஸ் அடுப்பு வாடகைக்கு விடறவன்யா."

'தீயுடன் வணிக உறவு மட்டும்' என்று தாடிக்காரர் எழுதிக்கொண்டார்.

கிழங்கு என்றால் லேசில் இறங்குகிற கிழங்கா? மென்று மென்று தாடை கழன்றது. கடைக் கணக்கு, வரப்போகிற முகூர்த்தம், எதை நினைத்தாலும் பாதியில் அறுந்து கிழங்கிலேயே போய் முட்டியது. எழிலரசன் பெருமையாகச் சுட்டிக்காட்டினார்: "பாருங்கள், இவரால் சிந்திக்க முடியவில்லை!" அதில் மட்டும் நடுவத்தைக் குறை சொல்ல முடியாது, அது உண்மை. ஜன்னல் வழியாகக் கொட்டகையின் வாசம் வேறு வந்தது. எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு. இத்தனை வருஷம் அந்த வாசத்தை மூக்கோடு நிறுத்திவைத்திருந்த மனுஷருக்கு, அன்றைக்கு அது நேராக வயிற்றில் போய்க் கதவைத் தட்டியது.

இரண்டாம் நாள் மதியம் கோட்டைக் குரங்கு ஒன்று ஜன்னலேறி வந்தது. துரைக்கண்ணுவின் கிழங்கைப் பிடுங்கி ஒரு கடி கடித்து, 'தூ' என்று அவர் மேலேயே துப்பியது. பிறகு கூரையைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனது. மீனம்பாள் ஒரு மெதுவடையை நீட்டினார். அது யோசிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வடையை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தின்றது. தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டியது. துரைக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். மீனம்பாள் நிமிர்ந்தபோது, இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக் குரங்கை விரட்டுங்கள்!" என்று மாடியிலிருந்து எழிலரசன் கத்தினார். "நம் கொள்கைக்கு எதிராக நடக்கிறது!"

வேட்டி மடிப்பில் ஒளித்திருந்த செல்போன் அடித்தது. மனைவி அம்மாக்கண்ணு.

"இன்னாயா, உன்ன லோக்கல் சேனல்ல காட்றாங்க? சட்ட எங்க? முந்தாநேத்து கருவாட்டுக் கொழம்புக்குக் கிண்ணத்த வழிச்ச மனுஷன், அடுப்பையே பாத்ததில்லியாமே?"

"மெதுவா பேசுடி. மீனா முன்னாடி இன்னான்னு சொல்லச் சொல்ற?"

"ஒரு வாய் சாப்பிட்டுருந்தா முடிஞ்சிருக்கும் இல்ல? நான்லாம் எப்பவோ சாப்ட்டாச்சு. நீ பழத்தத் துன்னுட்டு அந்தாண்ட போனதும் அடுத்த பந்தில உக்காந்துடுவேன்."

துரைக்கண்ணு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"போன தீவாளிக்கு அதிரசம் சூப்பருன்னு நாலு துன்னியே, அது யார் குடுத்துதுன்னு நெனச்ச? உன் வயித்துக்கே தெரியல. உனக்குத்தான் தெரியுது." போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் கிழங்கைத் தொடவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நிறைவு விழா. முக்கிய நிகழ்ச்சி, 'மனிதனாகும் தருணம்'. அடுப்புக்கு முந்தைய மனிதர் மேடையில், எல்லோர் முன்னிலையிலும், சமைத்த உணவை முதன்முதலாக வாயில் வைப்பார். அந்த நொடியில் மனிதராவார். கலைமதி வந்து சொன்னாள். மண்டபத்தில் சமையல் என்றால் மீனம்பாள் சமையல்தானே? முதலில் பயந்தார். யோசிக்க யோசிக்க, பயம் போய் ஓர் ஆசை வந்தது. நல்லதுதான். ஊரே பார்க்க அந்தத் தட்டை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், இத்தனை வருஷத்து வாழைப்பழமும் அதோடு உள்ளே போய்விடும். மீனாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை எடுக்காமலே காரியம் முடிந்துவிடும். முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டார்.

மேடையேற்றி, நெஞ்சில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினார்கள். சட்டை இல்லாததால் பூணூல் மாதிரி ஒரு கயிறு கட்டி அதில் குத்தினார்கள். கூடம் நிரம்பி வழிந்தது. பரிமாறும் கதவண்டை மீனம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பின்னால் குழுப் பெண்கள்.

எழிலரசன் முழங்கினார். "லட்சக்கணக்கான ஆண்டுப் பயணம் இந்த ஒரு கவளத்தில் முடிகிறது. யார் சமைத்தார் என்று அன்றைய மனிதன் கேட்டானா? கேட்கவில்லை! கேட்டிருந்தால் நாம் இன்னும் மரத்தில்தான் இருந்திருப்போம்! கொண்டுவாருங்கள் அந்தத் தட்டை!"

வெள்ளித்தட்டில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. துரைக்கண்ணு கையை நீட்டினார்.

"வரலாற்றுத் தருணம் என்பதால்," எழிலரசன் குரலைத் தாழ்த்திச் சொன்னது மைக்கில் நன்றாகவே கேட்டது, "இதை இங்கே செய்யவில்லை. திண்டிவனத்திலிருந்து தருவித்தோம்."

அப்போது துரைக்கண்ணுவுக்கு உள்ளே என்னவோ தளர்ந்தது. அவர் நினைத்துச் செய்யவில்லை. தானாகவே நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூச்சு கிளம்பி வாய்வழியே வந்தது.

"அப்பாடா."

மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுக்கத் தூவியது. வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவனுக்கும் கேட்டது.

"கேட்டீர்களா!" எழிலரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனிதனின் முதல் சொல்! எழுதிக்கொள்ளுங்கள்!" எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கதவண்டை ஒரே ஒருத்தர்தான் அது எந்த அப்பாடா என்று தெரிந்தவர். அவர் கை தட்டவில்லை. திட்டவுமில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

துரைக்கண்ணு பொங்கலை விழுங்கினார். முந்திரி தட்டுப்பட்டது. ருசி தட்டுப்படவில்லை. கலைமதி மறுபடியும் தாடையையும் தலையையும் அளந்து, "மாற்றம் எதுவும் இல்ல சார்" என்றாள். "மைக்கில் சொல்லாதே" என்றார் எழிலரசன். சரிகை போட்ட பொன்னாடை போர்த்தி, 'இவர் இன்றுமுதல் மனிதர்' என்று அச்சிட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள்.

கொட்டகையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மீனம்பாள் பலகை போட்டு உட்கார்ந்து, தட்டில் ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தார். சமைத்தவர்களுக்குக் கடைசிப் பந்தி.

"வாங்கண்ணே. மனுஷனாயிட்டீங்களாமே."

"மீனா, சோறு இருக்குதா?"

பிசைந்த கை நின்றது. "யாருக்கு?"

"எனக்குதான்."

"வயிறு?"

அவர் பொன்னாடை நுனியை முறுக்கினார். "வயிறு நல்லாத்தான் இருக்குது. என்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சி."

"தெரியும்ணே."

"எப்பலேருந்து?"

"எனக்கு மொத நாள்லேருந்தே தெரியும். எம் பொண்ணு பாரதிக்குத்தான் தெரியாது. சின்னதுல கேக்கும், 'ஏம்மா அந்த மாமா எப்பவும் பழமே துன்றாரு'ன்னு. பாவம்டி, வயித்துல சீக்குன்னு சொல்லி வச்சேன். வேற இன்னா சொல்றது கொழந்தகிட்ட? அது நெசம்னு நெனச்சிக்கினு, மேல்மலையனூர் கோயிலுக்குப் போறப்பல்லாம் உங்க வயித்துக்கும் சேத்து வேண்டிக்கும்." ஒரு வாய் எடுத்து மென்றார். "அது கல்யாணத்துல நீங்க பந்தல் போட்டீங்க இல்ல, காசு வாங்காம? அன்னிக்கும் பழம் உரிச்சீங்க. மணவறைலேருந்து பாத்துக்கினே இருந்துச்சி. அன்னிக்குதான் அதுக்குப் புரிஞ்சிது. அதுக்கப்புறம் வேண்டிக்கறதில்ல."

துரைக்கண்ணு கவிழ்த்த அண்டா ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"ஒரு பிடி சோறு குடு மீனா."

"தீந்துடுச்சிண்ணே. இதான் கடைசி." தட்டை அவர் பக்கம் நகர்த்தவில்லை. "உங்களுக்கு எடுத்து வச்சது அங்க இருக்குது."

பலகைக்குப் பக்கத்தில் வாழையிலையால் மூடி, வாழைப்பழங்கள். உள்ளே கிழங்கு மென்றுகொண்டிருந்த நாளுக்கும் சேர்த்து, வழக்கம்போல் தினமும் எடுத்து வைத்திருக்கிறார். முதல் நாள் வைத்தது கறுத்துப் போயிருந்தது. துரைக்கண்ணு அதைக் கையில் எடுத்தார். உரிக்க முடியவில்லை. திரும்ப வைத்தார்.

"தண்ணியாச்சும் குடு."

மீனம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"குடம் அதோ. மொண்டு குடிங்க."

போய் மொண்டு குடித்தார். டம்ளரின் அடியில் அவர் கடைப் பெயர்தான் வெட்டியிருந்தது. தண்ணீர் மார்பில் வழிந்தது. குடித்த டம்ளரைக் கழுவி, மற்றதோடு கவிழ்த்தார்.

மீனம்பாள் தட்டை வழித்து முடித்துவிட்டுச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம தளவானூர்ல காதுகுத்து. உங்க பாத்திரந்தான், எங்க சமையல்தான். அன்னிக்கு வயிறு எப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்லிடுங்கண்ணே. ஒரு எல சேத்துப் போடறதா, பழம் வாங்கி வைக்கறதான்னு எனக்குத் தெரியணும்."

துரைக்கண்ணு பொன்னாடையை இழுத்து முகத்தைத் துடைத்தார். அது ஈரம் வாங்காத துணி. துடைக்கத் துடைக்க, முகம் அப்படியே ஈரமாக இருந்தது.